டிப்பர் லாரி இல்லாத பாதை: குலசேகரம் பக்கம் போங்கள்

நண்பரே, மண் பாதைக்கும் ஏற்ற 40 மி.மீ. அகல டயர் சைக்கிள் வாங்கியும் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் ரோட்டில் டிப்பர் லாரிகளுக்குப் பயந்து ஓட்டுவதாக எழுதியிருந்தீர்கள். நெடுஞ்சாலையை விட்டுவிடுங்கள்.

முதலில் கால்வாய்க் கரை. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் பறளியாற்றைத் தாண்டும் பட்டணங்கால் என்ற கால்வாயின் கரையைப் பிடியுங்கள். ஏற்றம் குறைவு, நிழல் உண்டு. சில இடங்களில் கான்கிரீட், சில இடங்களில் வெறும் மண். பாலத்தின் மேல் மட்டும் இறங்கி உருட்டுங்கள், அது நடப்பவர்களுக்கான வழி.

மேடு வேண்டுமென்றால் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டப் பாதைகள். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டுபவர்கள் பைக்கில் வருவார்கள், வளைவுகளில் மணி அடியுங்கள். டிசம்பர், ஜனவரியில் இலையுதிர்வு. சருகுக்கு அடியில் வேரும் கல்லும் தெரியாது. செம்மண் சரளையோ கோலிக்குண்டு மாதிரி உருளும். இறக்கத்தில் முன் பிரேக்கை மெதுவாகத்தான் தொட வேண்டும், உடம்பைப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். டயரில் காற்று எவ்வளவு? டியூப்லெஸ் என்றால் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) சுற்றி ஆரம்பித்து, உங்கள் எடைக்கேற்பக் கூட்டிக் குறையுங்கள். டியூப் என்றால் கொஞ்சம் அதிகமாக வையுங்கள், இல்லாவிட்டால் கல்லில் மோதிப் பஞ்சராகும்.

கீரிப்பாறை, காளிகேசம், கோதையாறு எல்லாம் அழகுதான். ஆனால் அங்கே யானை நடமாட்டம் உண்டு, வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதி கேட்காமல் போகாதீர்கள். தனியாகவும் வேண்டாம்.

அப்புறம், மழை நாளில் காலில் அட்டைப்பூச்சி ஏறும். ஒரு பொட்டலம் உப்பு பையில் இருக்கட்டும்.