மழை பெய்தால் பச்சையாகும் குளம்

கேள்வி: நெல்லுக்கு யூரியா போட்டு மழையும் பெய்தால், வயலுக்குக் கீழே இருக்கும் எங்கள் குளம் பச்சையாகிவிடுகிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கிணற்று நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா?
- வாசகி, பகோ

பதில்: போதாது சகோதரி. கிருமி சாகும், ஆனால் யூரியாவிலிருந்து உண்டாகி மண் வழியாகக் கிணற்றுக்குள் இறங்கும் நைட்ரேட் என்ற உப்பு காய்ச்சினால் போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகத்தான் ஆகும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். சோதித்துப் பார்க்கும்வரை, புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அந்தக் கிணற்று நீரில் பால் கலக்கவே வேண்டாம், சுத்தமாகப் பிடித்த மழைநீரைக் காய்ச்சி, அதில் பாலைக் கலந்து கொடுங்கள்.

குளத்துப் பச்சை பாசிதான். வயல் உரத்தைத் தின்று பெருகி, இரவெல்லாம் நீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது, அதனால்தான் மீன்கள் விடியலில் தவிக்கின்றன. சரி, வயலில் என்ன செய்யலாம்? யூரியாவை ஒரே தடவையாகக் கொட்டாமல் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். கனமழை வரும்போல இருந்தால் அன்றைக்குப் போடாதீர்கள். போட்டபின் ஒரு வாரமாவது மடையைத் திறக்காதீர்கள். அப்புறம், குளக்கரைப் புல்லைச் செதுக்காமல் விடுங்கள், ஓடிவரும் சேற்றையும் உரத்தையும் அது கொஞ்சம் பிடித்துவைக்கும்.