தோளுக்கேற்ற துப்பாக்கி: புதிதாக வந்த சகோதரிக்கு

அன்புச் சகோதரிக்கு,

இந்நாட்டிற்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை என்றும், கணவருடைய அலுவலக நண்பர்கள் பெசன்ட் (நீண்ட வாலுள்ள, கோழியினப் பறவை) வேட்டைக்கு அழைக்கிறார்கள் என்றும், வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டதாகவும் எழுதி, உரிமம், உடை, துப்பாக்கி ஆகிய மூன்றையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உரிமத்தைப் பற்றி உங்கள் பகுதி வனவிலங்குத் துறையின் கையேடு என்னைவிடத் தெளிவாகச் சொல்லும். குடியேற்ற நிலையைப் பொறுத்து விதிகள் வேறுபடலாம் என்பதால், துப்பாக்கி வாங்கும் முன்பே அதைப் படித்துவிடுங்கள். நண்பர் ஒருவர் தம்முடைய பழைய 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் அகல அளவு; எண் கூடினால் குழல் சிறுக்கும்) துப்பாக்கியைத் தருவதாகச் சொல்கிறார், அது போதாதா என்று கடைசியில் கேட்டிருந்தீர்களே, அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது.

போதாது. எனக்கும் வந்த புதிதில் அப்படித்தான் ஒரு துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். அதன் கட்டை, அதாவது தோளில் பதியும் பின்பகுதி, என் கைக்கு மிக நீளம். தூக்கும்போதெல்லாம் அக்குளில் சட்டை மடிப்போடு சிக்கிக்கொள்ளும். தோள்குழியில் பதிய வேண்டிய பின்முனை புயத்தின் மேல் போய் உட்காரும். அன்று மாலை புயத்தில் உள்ளங்கை அளவுக்குக் கன்றிப்போன நீலமும், கன்ன எலும்பில் வீக்கமுமாக வீடு திரும்பினேன். "பழகிவிடும்" என்றார்கள் அழைத்துச் சென்றவர்கள். பொருந்தாத துப்பாக்கி பழகுவதில்லை, சகோதரி. அது உடலுக்கு அச்சத்தைத்தான் கற்றுக்கொடுக்கிறது. விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளும் அந்தப் பழக்கத்தை விட்டொழிக்க நெடுநாள் ஆகும்.

கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான துப்பாக்கிகள் சராசரி ஆண் உடலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள நீளம் அவற்றில் 14 முதல் 14½ அங்குலம் வரை இருக்கும். பெண்கள் பலருக்கு 13 அல்லது 13½ அங்குலமே போதுமானது. ஆனால் நீளத்தைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். சிறு உருண்டைகளைச் சிதறிச் சுடும் இந்த ரவைத் துப்பாக்கியில், குறிபார்க்க உதவும் பின்குறி கிடையாது. உங்கள் கண்ணே பின்குறி. கழுத்து நீண்ட பெண்ணுக்குக் கன்னம் கட்டையின் மேல்விளிம்பை எட்டாது. அவள் தலையைத் தூக்கிப் பார்ப்பாள், ரவை பறவைக்கு மேலே போய்விடும். மேல்விளிம்பு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உயர்ந்தால், 16 கெஜ தூரத்தில் ரவை விழும் இடம் ஏறத்தாழ ஓர் அங்குலம் உயரும் என்பது துப்பாக்கியை உடலுக்குப் பொருத்தித் தருபவர்கள் பின்பற்றும் கணக்கு. பின்முனையின் சாய்வும் முக்கியமானது. ஆணின் மார்புக்கு ஏற்ற சாய்வில் கட்டையின் கீழ்நுனி பெண்ணின் மார்பில் குத்தும். அந்த நுனியைச் சற்று வெளிப்புறம் திருப்பி, சாய்வையும் கூட்டிவிட்டால் வலி பெரும்பாலும் போய்விடும். தையற்காரரிடம் அளவு கொடுக்கும் பொறுமை இங்கேயும் வேண்டும்.

இன்னொரு பொறி, சிறுவர்களுக்கான துப்பாக்கி. "உங்களுக்கு இதுதான் சரி" என்று விற்பனையாளர் முதலில் அதைத்தான் நீட்டுவார். நீளம் மட்டுமே குறைக்கப்பட்டிருக்கும். மேல்விளிம்பின் உயரமும் சாய்வும் பெண்ணுக்கானவை அல்ல. எடையும் குறைவு, எடை குறையக் குறைய, அதே தோட்டா தோளில் தரும் உதை கூடும். அதைவிடப் பெண்களுக்கென்றே கட்டை வடிவமைக்கப்பட்ட சைரன், பிராங்கி கேட்டலிஸ்ட் போன்றவற்றை ஒருமுறை தோளில் வைத்துப் பாருங்கள். தொடக்கத்திற்கு என் தேர்வு, வாயுவிசையில் இயங்கி, சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் 20 கேஜ் அரைத்தானியங்கி. வெடிவாயுவின் ஒரு பகுதி பொறியை இயக்கப் போய்விடுவதால் உதை மென்மையாகிறது. முக்கால் அவுன்ஸ் அல்லது ⅞ அவுன்ஸ் ரவையுள்ள தோட்டாவே பயிற்சிக்குப் போதும். சிறியது என்பதற்காக 410 என்னும் மிக மெல்லிய குழலுள்ள துப்பாக்கி வேண்டவே வேண்டாம். அதில் ரவை குறைவு. கைதேர்ந்தவர் கையில் அழகாக இருக்கும், புதியவர் கையில் பறவை காயத்தோடு தப்பிப்போய்த் துன்பப்படும்.

நம்மவர்களில் சிலர் ஒரே 12 கேஜ் துப்பாக்கியை வாங்கி, கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை மூவருக்கும் அதுவே போதும் என்கிறார்கள். கன்றிய தோளைக் காட்டிப் பெருமைப்படுபவர்களும் உண்டு. இது நமக்கான வேலையல்ல என்று ஒதுங்கி நின்று, போகும் பெண்களைக் குறை சொல்பவர்களும் உண்டு. நான் அவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். விடியுமுன் ஈரப்புல்லில் நாய்களுக்குப் பின்னே நடக்கவும், சுட்ட பறவையை நானே இறகு பறித்துச் சுத்தம் செய்யவும் இங்கே கற்றுக்கொண்டேன். அதில் எனக்கு நிறைவு உண்டு.

அதற்கு வழிகாட்டியவர் வயது முதிர்ந்த பயிற்சியாளர் ஒருவர். முதல் நாள் அவர் என்னைச் சுடவே விடவில்லை. இரு கைகளாலும் சிறு முக்கோணம் அமைத்து, அதன் வழியே தொலைவிலிருந்த கம்பத்தைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூட வைத்து, எது ஆளும் கண் (குறிபார்க்கையில் முந்திக்கொள்ளும் கண்) என்று கண்டுபிடித்தார். வலக்கைப் பழக்கமுள்ள பெண்கள் பலருக்கு இடக்கண் ஆளும். அதை அறியாமல் சுட்டால் எவ்வளவு பயிற்சியும் வீண். இடத்தோளுக்கு மாறலாம், அல்லது அணியும் மூக்குக்கண்ணாடியின் இடப்பக்கத்தில் சிறு ஒட்டுத்துண்டு வைக்கலாம். பிறகு என் துப்பாக்கியின் மேல்விளிம்பில் மெல்லிய நுரைப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஒவ்வொரு முறையும் கண்ணை மூடித் தோளில் ஏற்றச் சொன்னார். கண்ணைத் திறந்ததும் குழலின் முனை மணி நேராகத் தெரிய வேண்டும். குழலின் பின்பகுதி பார்வையை மறைத்தால் இன்னொரு பட்டை. தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதிசெய்துகொண்டு, பாதுகாப்பான திசையில், கடையிலேயே இதைச் செய்து பாருங்கள்.

வீட்டில் 12, 20 என இரண்டு கேஜும் இருக்கப்போகிறது என்றால் தோட்டாக்களை ஒருபோதும் ஒரே பையில் போடாதீர்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் நழுவி உள்ளே சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவையும் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். 20 கேஜ் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது அதனால்தான்.

உடையைப் பற்றி ஒன்று மட்டும். வேட்டைக்கு அணியப்போகும் மேலங்கியை முதலில் வாங்கி, அதை அணிந்துகொண்டே கட்டைக்கு அளவெடுங்கள். தடித்த துணி கட்டையின் நீளத்தைக் கூட்டிவிடும். கட்டையின் மரத்தை அறுத்துக் குறைப்பதற்கு முன் நுரைப் பட்டைகளையும் மாற்றுத் தகடுகளையும் கொண்டே சில வாரங்கள் சுட்டுப் பாருங்கள்.