சின்ன க்ராஷ் ஆன ட்ரோன்: என்ன பாக்கணும், எதை மாத்தணும்? கேளுங்க, சொல்றேன்

வணக்கம் மக்களே. கீழ விழுந்த ட்ரோன் பத்தி என்ன டவுட்னாலும் கேளுங்க, இன்னிக்கு சாயங்காலம் முழுக்க இருக்கேன். மினி சைஸ் கேமரா ட்ரோன், 5 இன்ச் எஃப்பிவி குவாட் (ட்ரோன் கேமரா காட்டுறத நேரலையா கண்ணாடில பாத்து ஓட்டுறது), இது ரெண்டும்தான் என் ஏரியா. வயலுக்கு மருந்து அடிக்கிற பெரிய ட்ரோன் வேற கணக்கு, அதை வித்தவங்களோட டெக்னீசியன்கிட்ட கேளுங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. விழுந்த இடத்துலயே ஆன் பண்ணி "பறக்குதா பாப்போம்"னு தூக்காதீங்க. முதல்ல பேட்டரிய கழட்டுங்க. விழுந்ததுல கெட்டுப் போறத விட, அப்படியே திரும்ப தூக்கிப் பாத்து கெட்டுப் போனதுதான் என் டேபிளுக்கு அதிகமா வருது.

மொட்டைமாடி பைலட்: அண்ணே, டிஜேஐ மினி 2. கைப்பிடி சுவத்துல இடிச்சு அஞ்சடி உயரத்துல இருந்து விழுந்துச்சு. ஒரே ஒரு ப்ராப் (விசிறி) நுனி லேசா பேந்திருக்கு, மத்ததெல்லாம் ஓகே. அத மட்டும் மாத்தினா போதுமா?

பதில்: தம்பி, மினி 2ல ஒரு மோட்டாருக்கு ரெண்டு பிளேடு, தனித்தனி ஸ்க்ரூ. ஒண்ணு போச்சுன்னா அந்த மோட்டாரோட ரெண்டையுமே மாத்தணும், ஏன்னா ஜோடி எடை ஒத்துப் போகலேன்னா அதிர்வு வரும், வீடியோல ஜெல்லி மாதிரி ஆடும். கோடு போட்ட பிளேடு கோடு போட்ட கைக்கு (மோட்டார தாங்குற கம்பு), கோடு இல்லாதது கோடு இல்லாத கைக்கு, மாத்திப் போட்டா டேக்ஆஃப்லயே கவுந்துரும். ஸ்க்ரூவும் பாக்கெட்ல வர்ற புதுசையே போடுங்க, அதுல லூஸ் ஆகாம இருக்க பசை தடவியிருப்பாங்க, பழசுல அது போயிருக்கும். இறுக்கினப்புறம் பிளேடு தடையில்லாம மடங்கி விரியணும்.

"மத்ததெல்லாம் ஓகே"ன்னு எப்படி பாத்தீங்க? கண்ணால பாத்தா பத்தாது. ஒவ்வொரு பிளேடோட முன் ஓரத்துலயும் நகத்த வச்சு மெதுவா இழுங்க, கண்ணுக்குத் தெரியாத பள்ளம் நகத்துல தட்டும். அப்புறம் ஸ்க்ரூ போடுற இடத்துக்குப் பக்கத்துல வெளிச்சத்துல வச்சு லேசா வளைச்சுப் பாருங்க. வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சா பிளாஸ்டிக் உள்ளுக்குள்ள விட்டுப் போச்சுன்னு அர்த்தம். நுனி பேந்தது கூட இறங்கி வந்துரும், இந்த வெள்ளைக் கோடுதான் நடு வானத்துல ஒடியும்.

அடுத்து மோட்டார். பேட்டரி இல்லாம நாலையும் விரலால சுத்தி ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுங்க. ஒண்ணு மட்டும் கரகரன்னா உள்ள மண்ணு இல்லேன்னா பேரிங் போச்சு. பக்கவாட்டுல கண் மட்டத்துல வச்சு சுத்தினா மோட்டாரோட மேல் மூடி ஆடாம சுத்தணும், ஆடினா ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு. கடைசியா கை மடங்குற மூட்டு, மயிரிழை விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும்.

வெட்டிங் ஷூட்டர்: சார், செடியில விழுந்தது, பாடில ஒரு கீறல் இல்ல, ஆனா ஜிம்பல் (கேமராவ ஆடாம பிடிக்கிற பாகம்) மோட்டார் ஓவர்லோட்னு வருது. நாளைக்கு வளைகாப்பு ஷூட் இருக்கு.

பதில்: ஆஃப் பண்ணிட்டு கேமராவ மூணு பக்கமும் விரலால மெதுவா அசைங்க. எங்கயாவது முட்டுச்சுன்னா அங்க இலைத் துணுக்கோ கல்லோ இருக்கு. ஜிம்பல் தொங்குற ரப்பர் டேம்பர்கள பாருங்க, ஒண்ணு ஓட்டைய விட்டு வெளிய வந்திருந்தா மொத்த ஜிம்பலும் சாஞ்சு நிக்கும், மழுங்கின ட்வீசரால உள்ள இழுத்து விட்டா முக்காவாசி சரியாயிரும். பின்னாடி போற தட்டையான ரிப்பன் கேபிள் மடிஞ்சோ கிழிஞ்சோ இருந்தா நாளைக்கு வேற ட்ரோன் ஏற்பாடு பண்ணிக்கோங்க. எதுவும் இல்லேன்னா சமதள டேபிள்ல வச்சு ஆப்ல ஜிம்பல் காலிப்ரேஷன் (சென்சார திரும்ப சரி பண்றது) பண்ணுங்க. மெசேஜ் வர வர திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீங்க, முட்டிக்கிட்டு இருக்குற அந்தக் குட்டி மோட்டார் சூடாகி எரியும்.

தென்னந்தோப்பு: அண்ணா தென்னை மட்டைல மாட்டி கொஞ்ச நேரம் அங்கயே உறுமிக்கிட்டு இருந்துச்சு, ஆள விட்டு எடுத்தோம். இப்ப லேசா கருகல் வாசனை.

பதில்: பேட்டரிய கழட்டியாச்சா? இல்லேன்னா இப்பவே கழட்டுங்க. ப்ராப் மாட்டிக்கிட்டு சுத்த முடியாதப்ப கரண்ட் மட்டும் ஏறும், செம்புக் கம்பி மேல இருக்குற வார்னிஷ் எரியும், அந்த வாசனைதான் இது. மோட்டார் இடுக்குல டார்ச் அடிச்சுப் பாருங்க. கம்பி பளபளன்னு செம்பு நிறமா இருந்தா நல்லது, ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தா அந்த மோட்டார் அவ்ளோதான். கையால சுத்தும்போது மத்த மூணை விட ஒண்ணு மட்டும் பிரேக் போட்ட மாதிரி இழுத்தாலும் உள்ள ஷார்ட் ஆயிருக்குன்னு எடுத்துக்கலாம். அப்படிப்பட்ட மோட்டார ஓட்டினா ஈஎஸ்சியையும் (மோட்டாருக்கு கரண்ட் கொடுத்து வேகத்த கட்டுப்படுத்துற போர்டு) சேத்து கொன்னுரும். அடுத்த தடவ மரத்துல மாட்டினா மட்டைய விட்டு பிச்சுக்கிட்டு வரும்னு த்ராட்டில ஏத்தாதீங்க, உடனே மோட்டார நிறுத்துங்க.

கடலூர்காரன்: பீச்ல அலை ஓரத்துல விழுந்துச்சு. அரிசி மூட்டைல போட்டு வச்சிருக்கேன். எத்தன நாள் வைக்கணும்?

பதில்: இப்பவே எடுங்க. அரிசி உப்ப எடுக்காது. தண்ணி காஞ்சாலும் உப்பு போர்டுலயே தங்கி செம்ப அரிச்சுக்கிட்டே இருக்கும். பேட்டரி, மெமரி கார்டு எடுத்துட்டு, மேல் மூடிய கழட்டி, போர்ட டிஸ்டில்ட் வாட்டர்ல அலசுங்க, அப்புறம் 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல மெல்லிய பிரஷ் வச்சு தேய்ங்க, ஃபேன் காத்துல நல்லா காய விடுங்க. வெயில்லயோ ஹேர் டிரையர்லயோ வேண்டாம். கடல் மண்ணுல இரும்புத் துகள் இருக்கும், மோட்டார் காந்தத்துல அப்பிக்கும், ஊதினா போகாது. ஒட்டுற டேப்ப மடிச்சோ ப்ளூ டாக்காலயோ (களிமண் மாதிரி ஒட்டுற பசை) ஒத்தி ஒத்தி எடுக்கணும். உப்புத் தண்ணி பட்ட பேட்டரிய திரும்ப யூஸ் பண்ணாதீங்க, சார்ஜும் போடாதீங்க.

எஃப்பிவி பொடியன்: ப்ரோ 5 இன்ச், கேட்ல அடிச்சு விழுந்துச்சு, ஒரு மோட்டார் மட்டும் துடிக்குது, சுத்த மாட்டேங்குது.

பதில்: ப்ராப் நாலையும் கழட்டிட்டுதான் மத்த எல்லாம். துடிக்குதுன்னா பெரும்பாலும் மூணு வயர்ல ஒண்ணுக்கு கனெக்ஷன் இல்ல. சோல்டர் விட்டிருக்கும், இல்லேன்னா கார்பன் ஓரத்துல உரசி வயர் அறுந்திருக்கும். அது நல்லா இருந்தா அந்த மோட்டார வேற கைல இருக்குற ஈஎஸ்சிக்கு மாத்திப் பாருங்க, துடிப்பு மோட்டாரோட போகுதா அங்கயே நிக்குதான்னு பாத்தா குற்றவாளி யாருன்னு தெரிஞ்சிரும். கார்பன் ஃபைபர்ல கரண்ட் பாயும், அதனால மல்டிமீட்டர்ல ஃப்ரேமுக்கும் ஒவ்வொரு மோட்டார் வயருக்கும் பீப் வருதான்னு பாருங்க, வந்தா மோட்டார் ஸ்க்ரூ நீளமா இருந்து சுருள்ல குத்தலாம். முதல் தடவ பேட்டரி சொருகும்போது ஸ்மோக் ஸ்டாப்பர் (ஷார்ட் இருந்தா கரண்ட தடுக்குற சின்ன கருவி) இல்லாம சொருகாதீங்க. விடிஎக்ஸ் (வீடியோ அனுப்புற டிரான்ஸ்மிட்டர்) ஆன்டெனா கழண்டிருக்கான்னும் பாருங்க, ஆன்டெனா இல்லாம ஆன் பண்ணா விடிஎக்ஸ் சூடாகி போயிரும்.

சேலம் ஸ்கை: மினி 3, ஒரு ப்ராப் உடஞ்சது. ஒண்ணு மட்டும் மாத்தலாமா?

பதில்: மேல முதல் பதில் பாருங்க. ஜோடியா மாத்துங்க.

ஹாஸ்டல் ரூம் 12: வாரண்டி கிளெய்ம் கிடைக்குமா?

பதில்: பில்லோட வாங்கின கடைலதான் கேக்கணும். பிரிச்சுப் பாக்குறதுக்கு முன்னாடியே கேளுங்க.

நாலு செல்: அண்ணே க்ராஷுக்கு அப்புறம் 4எஸ் லிப்போ (நாலு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) லேசா உப்பியிருக்கு, ஓரத்துல சின்ன நசுங்கல். வோல்டேஜ் எல்லாம் சரியா காட்டுது. யூஸ் பண்ணலாமா?

பதில்: பண்ணாதீங்க. பேட்டரிய வீட்டுக்கு வெளிய, சிமெண்ட் தரைல, வண்டி பக்கத்துல இல்லாம வைங்க. மிச்சத்த அப்புறம் பேசலாம்.

ரேஸ் ட்ராக் ரசிகன்: இது ஓவர் பயம் ப்ரோ. உப்பின பேக்க வச்சு எத்தனயோ பேர் ப்ராக்டிஸ் பண்றாங்க. எல்லாத்தையும் தூக்கிப் போட்டா காசுக்கு எங்க போறது?

பதில்: ரெண்டையும் ஒண்ணா குழப்புறீங்க. நாளான பேக் முழுசா மெத்துன்னு உப்புறது எலக்ட்ரோலைட் சிதைஞ்சு கேஸ் ஆகுறது, அதுவே ஓய்வு கொடுக்கச் சொல்ற அறிகுறிதான். க்ராஷ்ல நசுங்கி உப்புறது வேற. உள்ள பாசிடிவ் ஷீட்டையும் நெகடிவ் ஷீட்டையும் பிரிக்கிறது ரொம்ப மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. நசுங்கின இடத்துல அது பாதி கிழிஞ்சிருந்தா இன்னிக்கு வோல்டேஜ் சரியாதான் காட்டும், சார்ஜ்ல செல் விரியும்போது ஷீட் ரெண்டும் தொட்டுக்கும். அப்ப ராத்திரி எல்லாரும் தூங்கிக்கிட்டு இருப்பாங்க.

ரேஸ் ட்ராக் ரசிகன்: நெருப்பு தடுக்குற லிப்போ பைக்குள்ள வச்சு சார்ஜ் பண்ணா முடிஞ்சது.

பதில்: அந்தப் பை நெருப்ப கொஞ்சம் தடுக்கும், புகைய தடுக்காது. அந்தப் புகைல ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும், பூட்டின ரூம்ல அது போதும். காசு கஷ்டம் எனக்கும் புரியுது, அதனாலதான் எல்லா பேக்கையும் தூக்கிப் போடச் சொல்லல. நசுங்கல் இல்ல, உப்பல் இல்ல, சும்மா விழுந்ததுன்னா செல் செல்லா அளந்து எழுதி வைங்க, ஒரு நாள் வெளிய வச்சுட்டு திரும்ப அளங்க. நாலும் ஒரே மாதிரி நின்னா சரி. ஒண்ணு மட்டும் தானா இறங்கியிருந்தா அந்த பேக் முடிஞ்சது. இதுல நான் இறங்கி வரமாட்டேன்.

நாலு செல்: அப்ப உப்புத் தண்ணில போட்டு சாகடிச்சிரவா?

வெட்டிங் ஷூட்டர்: நானும் அதான் பண்றேன், ஒரு வாரம் போட்டா போதும்.

பதில்: அது செத்துருச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க. உப்புத் தண்ணில முதல்ல அரிச்சுப் போறது கனெக்டரும், செல்லுல இருந்து வெளிய வர்ற உலோகத் தகடும் (டேப்). அது அறுந்ததும் டிஸ்சார்ஜ் நின்னுரும், உள்ள செல் சார்ஜோடயே இருக்கும், நீங்க சாதுவா இருக்குன்னு குப்பைல போடுவீங்க. சரியான வழி கார் ஹெட்லைட் பல்பு. 4எஸ்னா 12 வோல்ட் பல்பு ரெண்ட சீரிஸ்ல எக்ஸ்டி60 கனெக்டர்ல சேத்து, வெளிய மண் மேல வச்சு, தள்ளி நின்னு பாத்துக்கோங்க. பல்பு அணைஞ்சப்புறமும் அப்படியே விட்டு சைபர் வோல்ட்கிட்ட கொண்டு வாங்க, அப்புறம் இ-வேஸ்ட் எடுக்குறவங்ககிட்ட கொடுங்க. ஆனா நசுங்கி சூடா இருக்குற பேக்ல பல்பும் மாட்டாதீங்க, மணல் வாளில போட்டு தள்ளி வைங்க. ஆணி அடிக்கிறது, கத்தியால கீறி கேஸ் விடுறது எல்லாம் கூடவே கூடாது.

ரேஸ் ட்ராக் ரசிகன்: பல்பு மேட்டர் ஓகே, ஒத்துக்கிறேன். உப்பின பேக் விஷயத்துல என் கருத்து மாறல.

பதில்: சரி, பெட்ரூம்ல சார்ஜ் போடாம இருங்க, அது போதும் எனக்கு.

திருச்சி ட்ரோன் பாய்: கை விரிசல் விட்டிருக்கு, ஃபெவிக்விக் ஓகேவா?

பதில்: வேண்டாம். அது காஞ்சா கண்ணாடி மாதிரி மொறுமொறுன்னு ஆயிரும், அதிர்வுல பட்டுன்னு விடும். அது விடுற ஆவி கேமரா லென்ஸ்ல வெள்ளையா படியும். பல மாடல்ல முன் கைக்குள்ளயே ஆன்டெனா வயர் போகுது, அதையும் பாக்கணும். கையவே மாத்துங்க. 2022 பிப்ரவரில ட்ரோன் இறக்குமதிக்குத்தான் தடை வந்துச்சு, உதிரிபாகத்துக்கு இல்ல. சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல விசாரிச்சுப் பாருங்க.

புதுசு கண்ணா புதுசு: ஒரு ப்ராப் மட்டும் லைட்டா கீறல்...

பதில்: முதல் பதில். தயவுசெஞ்சு படிச்சுட்டு கேளுங்க.

மாட்டுத்தாவணி: க்ராஷுக்கு அப்புறம் ஐஎம்யு (சாய்வு, அசைவ உணர்ற சென்சார்), காம்பஸ் ரெண்டும் கட்டாயம் காலிப்ரேட் பண்ணணுமா? மாடில வச்சு பண்ணேன், இப்ப வட்டமா சுத்துது.

பதில்: மாடில பண்ணதுதான் பிரச்சனை. கான்கிரீட்டுக்குள்ள முழுக்க கம்பி, காம்பஸ் அதத்தான் படிச்சு வச்சிருக்கு. செல்போன், சாவிக்கொத்து இல்லாம திறந்த மண் தரைல திரும்ப பண்ணுங்க. ஐஎம்யு சமதளத்துல, ட்ரோன் ஆறி இருக்கும்போது. ஆப் கேட்டாலோ ஒரு பக்கமா நழுவினாலோ மட்டும் பண்ணா போதும். வளைஞ்ச ஷாஃப்ட்ட எந்த காலிப்ரேஷனும் நிமித்தாது, அதனால மெக்கானிக்கல் செக் முதல்ல.

விமான நிலையம் பக்கம்: எங்க வீடு ஏர்போர்ட்டுல இருந்து 10 கிலோமீட்டர். டெஸ்ட் ஃப்ளைட் போடலாமா?

பதில்: டிஜிட்டல் ஸ்கை (அரசோட ட்ரோன் வெப்சைட்) மேப்ப பாருங்க. 8ல இருந்து 12 கிலோமீட்டருக்குள்ள 200 அடி வரைக்கும்தான் க்ரீன் ஸோன், அதுக்கு மேல பர்மிஷன் வேணும். மிச்ச சட்டக் கேள்விகளுக்கு ட்ரோன் ரூல்ஸ் 2021ஐயே படிங்க.

மொட்டைமாடி பைலட்: அண்ணே ப்ராப் ஜோடியா மாத்திட்டேன். இன்னொரு கைல இருந்த பிளேட்ல வெள்ளைக் கோடு நிஜமாவே இருந்துச்சு, அதையும் மாத்தியாச்சு. முதல் ஃப்ளைட் எப்படி?

பதில்: நல்ல வேலை பண்ணீங்க. மாடில வேண்டாம், யாரும் இல்லாத கிரவுண்டுக்குப் போங்க. பேட்டரி ஃபுல். தரைல மோட்டார மட்டும் ஓட விட்டு சத்தத்த கேளுங்க, அப்புறம் இடுப்பு உயரத்துக்கு ஏத்தி, ஸ்டிக்ல இருந்து கையெடுத்துட்டு அங்கயே மிதக்க விடுங்க. காத்து இல்லாதப்ப ஒரே இடத்துல நிக்கணும். முன்ன பின்ன, வலது இடது, மெதுவா ஒரு சுத்து. ரெண்டு நிமிஷத்துல இறக்கி, பேட்டரிய கழட்டிட்டு நாலு மோட்டாரையும் விரலால தொட்டுப் பாருங்க, நாலும் ஒரே சூட்ல இருக்கணும். ஒண்ணு மட்டும் கை வைக்க முடியாம இருந்தா அன்னிக்கு பறக்கறத நிறுத்திட்டு அந்த மோட்டார கழட்டிப் பாருங்க. எல்லாம் சரின்னா அடுத்த பேட்டரில 10 மீட்டர், எடுத்த வீடியோவ வீட்டுக்கு வந்து பெரிய ஸ்க்ரீன்ல போட்டு ஜெல்லி இருக்கான்னு பாத்துட்டு அப்புறம்தான் வழக்கமான உயரம்.