மோட்டாரை மாற்றும் முன் டயரைப் பாருங்கள்

கேள்வி: மகனின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஸ்கேலெக்ஸ்ட்ரிக் ஸ்லாட் கார் (ட்ராக்கின் பள்ளத்தில் மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் கார்) செட் ஒன்று வாங்கினோம். இரண்டு கார்களில் ஒன்று, வளைவு வந்தாலே பின்பக்கம் துள்ளி ட்ராக்கை விட்டு வெளியே போய்விடுகிறது. வேகமான மோட்டார், அலுமினிய வீல், பந்தய டயர் எல்லாம் சேர்ந்த டியூனிங் செட் வாங்கச் சொல்கிறார்கள். விலை கிட்டத்தட்ட ஒரு புதுக் கார் அளவுக்கு வருகிறது. வாங்கலாமா? (ஹாரோ, லண்டன்)

பதில்: வேண்டாம். துள்ளுகிற காருக்கு வேகமான மோட்டார் மாட்டினால் துள்ளல்தான் கூடும். இந்தக் கார்களில் வழக்கமாக வரும் மோட்டாரே 12 வோல்ட்டில் நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்று சுற்றும். வீட்டில் போடுகிற ட்ராக்குக்கு அது தாராளம்.

முதலில் காரைக் கவிழ்த்து, பாடியையும் சேஸிஸையும் பிணைக்கும் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். தொழிற்சாலையில் நன்றாக முடுக்கியே அனுப்புவார்கள். ஒவ்வொன்றையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். விரலால் அசைத்தால் பாடி லேசாக ஆட வேண்டும், கழன்று விழக் கூடாது. பாடிக்கு அந்தக் கொஞ்ச இடம் கிடைத்தால் சேஸிஸ் தன் போக்கில் தரையோடு படிந்து ஓடும். காசு செலவே இல்லாத வேலை இது.

அடுத்தது டயர். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். புது டயர் பார்க்க வட்டமாக இருக்கும், ஆனால் சுற்றும்போது ஏற்ற இறக்கம் தெரியும். அதுதான் உங்கள் காரைத் துள்ள வைக்கிறது. பின் டயர் இரண்டையும் கழற்றி, ரிம்மைத் துடைத்து, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ தடவி மறுபடி மாட்டுங்கள். டயர் ரிம்மில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காய விடுங்கள்.

காய்ந்த பிறகு, ஒரு தட்டையான பலகையில் 400 எண் உப்புத்தாளை இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். 9 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் எடுத்து, காரின் முன்னடியில், ட்ராக்கிலிருந்து மின்சாரம் எடுப்பதற்காக இருக்கிற இரண்டு செப்புப் பின்னல்களில் பிடித்தால் பின்சக்கரம் சுற்றும். இரண்டு டயரும் ஒரே நேரத்தில் படும்படி காரைத் தாளின் மேல் பட்டும் படாமலும் பிடியுங்கள். கறுப்புத் தூள் கிளம்பும். சில விநாடிக்கு ஒருமுறை தூக்கி டயரைப் பாருங்கள். முதலில் ஒரு ஓரம் மட்டும் மங்கி, மறு ஓரம் பளபளப்பாகவே இருக்கும். டயர் எவ்வளவு கோணலாக இருந்தது என்று அப்போதுதான் தெரியும். முழு அகலமும் ஒரே மாதிரி மங்கும்வரை தேயுங்கள். இடையிடையே நிறுத்தி மோட்டாரை ஆற விடுங்கள். கடைசியில் 800 எண் தாளில் கொஞ்சம் ஓட்டினால் போதும். இதைப் பெரியவர்களே செய்யுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும் மாஸ்கிங் டேப்பின் பசைப் பக்கத்தில் டயரை உருட்டி எடுக்கச் சொல்லி மகனுக்குப் பழக்குங்கள். ட்ராக் தூசி எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பிடிமானம் உடனே கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் முன்பக்கம் தூக்கினால் எடை சேர்க்கலாம். பிரிட்டனில் தூண்டில்காரர்களின் சிறிய ஈயக் குண்டுகளுக்கு 1987 முதல் தடை இருப்பதால், தூண்டில் கடைகளில் டங்ஸ்டன் புட்டி கிடைக்கிறது. இந்த வேலைக்கு ஈயத்தை விட அதுவே வசதி. பட்டாணி அளவு கிள்ளி, ட்ராக்கின் பள்ளத்துக்குள் ஓடுகிற கைடுக்குப் பின்னால் சேஸிஸில் அழுத்தி ஒட்டுங்கள். நான்கு சுற்று ஓட்டிப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். பழைய ஈயத் தகடு வீட்டில் கிடந்தாலும் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம்.

காரை ட்ராக்கோடு இழுத்துப் பிடிக்க அடியில் இருக்கிற மேக்னெட்டை எடுத்துவிட்டால்தான் உண்மையான ஓட்டம் என்று சிலர் சொல்வார்கள். பெரியவர்களுக்கு அது நல்ல பயிற்சி. பத்து வயதுப் பையனுக்கு இன்னும் ஒரு வருடம் மேக்னெட் இருக்கட்டும். எப்போது கழற்றினாலும் உடனே பத்திரப்படுத்துங்கள். இந்தச் சிறு மேக்னெட்டுகள் மிகவும் சக்தி வாய்ந்தவை. சிறு குழந்தை ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடலின் இரு பக்கமிருந்து ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு ஜோடி நல்ல பின் டயர், ஒரு பாக்கெட் செப்புப் பின்னல், தையல் மிஷின் எண்ணெய், இந்த மூன்றும் போதும். எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, ஆக்சில் சுழலும் இடத்தில் மட்டும் வையுங்கள். வழிந்து டயரில் பட்டால் இவ்வளவு நேரம் தேய்த்தது வீண்.

கேள்வி: கார் பூட் சேலில் (கார் டிக்கியில் வைத்துப் பழைய பொருள் விற்கும் சந்தையில்) ஒரு பெட்டி நிறையப் பழைய ட்ராக்கும் மூன்று கார்களும் மலிவாகக் கிடைத்தன. ட்ராக்கின் கம்பியில் துரு. கார் பாதியில் நின்று நின்று போகிறது. ஸ்டீல் வுல் போட்டுத் தேய்க்கலாமா? புது ட்ராக்கை இதோடு சேர்க்க முடியுமா? (பர்மிங்காம்)

பதில்: ஸ்டீல் வுல் வேண்டவே வேண்டாம். அதன் இழைகள் உதிர்ந்து, மோட்டார் காந்தம் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மோட்டாரைக் காப்பாற்றுவது கஷ்டம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பேனா எழுத்தை அழிக்கும் கடின ரப்பரால் கம்பியின் மேல் தேயுங்கள். துரு நன்றாகவே வரும். தூளை வேக்யூம் போட்டு எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு இணைப்புக் கொடுங்கள்.

கார் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் கோளாறு ட்ராக்கில், பெரும்பாலும் இரண்டு துண்டு சேரும் இணைப்பில். அந்த இடத்தைக் கழற்றி, தொடும் உலோக நாக்கைக் குறட்டால் மெல்ல நெருக்கி மாட்டுங்கள். கண்ட கண்ட இடத்தில் நின்றால் காரின் செப்புப் பின்னல்தான் காரணம். கறுத்துச் சுருண்டிருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். நன்றாக இருந்தால் முனையைக் கொஞ்சம் பிரித்து விசிறி, கம்பியை ஒரே சீராகத் தொடும்படி மெல்லக் கீழே வளைத்துவிடுங்கள்.

ஸ்கேலெக்ஸ்ட்ரிக் 1957-இல் வந்தது. இத்தனை ஆண்டுகளில் ட்ராக்கின் இணைப்பு முறை மாறியிருக்கிறது. உங்களுடையது பழைய கிளாசிக் ட்ராக் என்றால், இன்றைய ஸ்போர்ட் ட்ராக்கோடு நேராகச் சேராது. இரண்டையும் இணைக்கத் தனி மாற்றுத் துண்டு உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். அதை விட்டுவிட்டு கரேரா என்ற வேறு நிறுவனத்தின் ட்ராக் வாங்கினால் பொருந்தாது. கார்கள் இரண்டும் 1:32 அளவு (நிஜக் காரில் 32-இல் ஒரு பங்கு) என்பதால் ட்ராக்கும் ஒன்று என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. கரேரா கோ வகையோ 1:43 அளவு, அது இதை விடச் சிறியது.

கேள்வி: இணையத்தில் புதுக் கார் ஒன்று வாங்கினேன். வந்து ஒன்பது நாள் ஆகிறது. பின் ஆக்சில் வளைந்து சக்கரம் தள்ளாடுகிறது. தயாரிப்பாளருக்கு எழுதுங்கள் என்று கடைக்காரர் கைவிரிக்கிறார். நானே ஆக்சிலை நிமிர்த்திவிடட்டுமா? (லெஸ்டர்)

பதில்: கை வைக்காதீர்கள். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி உங்களுக்குப் பொறுப்பு, விற்ற கடைதான். பழுதான பொருளை 30 நாளுக்குள் மறுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். இணையத்தில் வாங்கியதால், பழுதே இல்லாவிட்டாலும், கையில் கிடைத்த 14 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதித் தெரிவிக்கும் உரிமையும் இருக்கிறது. ஆனால் நீங்கள் பிரித்து வளைத்துவிட்டால், கோளாறு உங்களால் வந்தது என்று கடைக்காரர் வாதாட இடம் கொடுத்ததாகிவிடும்.

சக்கரம் தள்ளாடுவதை ஃபோனில் வீடியோ எடுங்கள். "30 நாளுக்குள் பழுதான பொருளை மறுக்கிறேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று சட்டத்தின் பெயரைச் சொல்லி இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். அடுத்த கார் வாங்கும்போதும், ஸ்க்ரூவைத் தொடும் முன் வந்தபடியே சில சுற்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.