உங்கள் பெயரில் என்ன எழுதினார்கள்?

டாக்டர் பதில்கள்: இந்த இதழில் காப்பீட்டு அட்டை பற்றி வந்த கடிதங்கள் மட்டும்

கேள்வி: என் மாமனாருக்குப் போன மாதம் நெஞ்சுவலி வந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைப்பில் வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தோம். ஒரு ஸ்டென்ட் வைத்திருப்பதாக டாக்டர் சொன்னார். கிளம்பும்போது மருந்துச் செலவு என்று 22,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். ரசீது கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு ஸ்டென்ட் என்று இருக்கிறது. புகார் கொடுத்தால் அட்டையை ரத்து செய்துவிடுவார்கள், மறுபடி வலி வந்தால் எங்கே போவது என்று என் கணவர் பயப்படுகிறார். என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகி, மணப்பாறை

பதில்: அட்டை ரத்தாகாது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள் அம்மா. அட்டை கொடுத்தது அரசு. அதைத் தொட எந்த மருத்துவமனைக்கும் அதிகாரம் கிடையாது. நாளைக்கே வலி வந்தாலும் திட்டத்தில் சேர்ந்த வேறு மருத்துவமனைக்கோ, திருச்சி அரசு மருத்துவமனைக்கோ அதே அட்டையோடு போகலாம்.

அடுத்து, அந்த 22,000 ரூபாய். இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் மொத்தமாக ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறார்கள். பரிசோதனை, மருந்து, கட்டில், சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். அதற்கு மேல் நோயாளியிடம் கை நீட்டக் கூடாது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்ட விதிமுறை, அப்படி வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதோடு அதைப்போல் மூன்று மடங்கு இழப்பீடும் தரவேண்டும் என்கிறது. நம் மாநிலத் திட்டம் 2018 முதல் அதோடு இணைந்துதான் நடக்கிறது. அந்தத் துண்டுச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி.

ஸ்டென்ட் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். அடைப்பு நீளமாக இருந்தால் ஒரே இடத்தில் இரண்டு ஸ்டென்ட்டைத் தொடர்ச்சியாக வைப்பது உண்டு. "ஒரு அடைப்பு" என்று டாக்டர் சொன்னது உங்கள் காதில் "ஒரு ஸ்டென்ட்" என்று விழுந்திருக்கலாம். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒவ்வொரு ஸ்டென்ட் டப்பாவிலும் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை உரித்து நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். ஸ்டிக்கர் நகலையும், ரத்தக்குழாயைப் படம் பிடித்த ஆஞ்சியோ சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். கொடுப்பது அவர்கள் கடமை. அந்த சி.டி.யை அரசு மருத்துவமனை இதயப் பிரிவில் காட்டினால், வைத்தது ஒன்றா இரண்டா என்று சொல்லிவிடுவார்கள்.

ஒன்று வைத்து இரண்டு என்று எழுதியிருந்தால், நஷ்டம் அரசுக்கு மட்டும் இல்லை. உங்கள் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய்தான் வரம்பு. வைக்காத ஸ்டென்ட்டின் விலையும் அதிலிருந்துதான் கழியும். இதே வருடம் உங்கள் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று என்றால் அந்தப் பணம் அங்கே இருக்காது.

புகாருக்கு 1800 425 3993 என்ற இலவச எண் இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத்துக்கு 14555. போனில் சொன்னதோடு விடாமல், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் கொடுங்கள். மனுவில் கோபம் வேண்டாம். சேர்ந்த தேதி, கிளம்பிய தேதி, பணம் வாங்கிய கவுண்டர், சீட்டின் நகல், இவை போதும். என்ன ஆனது என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: ஆதார், கைரேகை, கம்ப்யூட்டர் எல்லாம் வந்த பிறகும் காப்பீட்டுத் திட்டத்தில் இத்தனை மோசடி எப்படி நடக்கிறது? அரசு கண்காணிக்கிறதா, இல்லையா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்

பதில்: கண்காணிக்கிறது ஐயா. கண்காணிப்பில் ஓட்டையும் இருக்கிறது. இரண்டையும் உள்ளே இருந்து பார்த்தவள் நான். சென்னையில் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து, காப்பீட்டுப் பணம் கேட்டு மருத்துவமனைகள் அனுப்பும் கிளெய்ம் கோப்புகளைப் பதினோரு வருடம் சரிபார்த்தேன்.

ஒரு நாள் 54 வயது அம்மாவின் மார்பு எக்ஸ்ரே வந்தது. நுரையீரல் தொற்று என்று ஒரு வாரம் உள்நோயாளியாகச் சேர்த்ததாகக் கணக்கு. எக்ஸ்ரேயின் நடுவில் தாலிக்கயிற்றில் கோத்த இரண்டு ஊக்கு வெள்ளையாகத் தெரிந்தது. ஒன்று நேராக, இன்னொன்று வாய் திறந்து சாய்வாக. படம் எடுக்கும்போது கழற்றச் சொல்ல மறந்திருப்பார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அதே மருத்துவமனையிலிருந்து 31 வயது ஆண் ஒருவரின் எக்ஸ்ரே. அதே இரண்டு ஊக்கு, அதே வாய் திறந்த சாய்வு! பழைய கோப்புகளை எல்லாம் இழுத்துப் போட்டுப் பார்த்தோம். பதினொரு பேரின் நுரையீரலாக அந்த அம்மாவின் ஒரே படம் வந்திருந்தது. நேரில் போய் விசாரித்த பிறகு அந்த மருத்துவமனையைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அந்தப் பதினொரு பேரில் ஒருவருக்குக்கூடத் தன் பெயரில் இப்படி ஒரு நோய் எழுதப்பட்டது தெரியாது.

இப்போது இந்த மாதிரி வேலையைப் பிடிக்க மென்பொருள் இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத்தை நடத்தும் தேசிய சுகாதார ஆணையத்தில் மோசடித் தடுப்புப் பிரிவு என்றே தனியாக உண்டு, மாநிலங்களிலும் உண்டு. நாடு முழுவதும் 1,114 மருத்துவமனைகளை ஆயுஷ்மான் பாரத் பட்டியலிலிருந்து நீக்கியதாக 2025-இல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. ஆனால் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. அமைப்பு அந்தத் திட்டம் பற்றி 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் மனது சங்கடப்படும். 9999999999 என்ற ஒரே போன் எண்ணில் 7,49,820 பயனாளிகள். ஏற்கெனவே இறந்ததாகப் பதிவான 3,446 பேரின் சிகிச்சைக்கு 6.97 கோடி ரூபாய். நம் தமிழ்நாட்டில் ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள்.

பயனாளியை அடையாளம் காணப் போன் எண்ணைப் பயன்படுத்துவதில்லை என்று அரசு விளக்கம் சொன்னது. சரி, சிகிச்சை கொடுக்க அது தேவையில்லைதான். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு "உங்களுக்கு இந்த ஆபரேஷன் நடந்ததா? பணம் வாங்கினார்களா?" என்று கேட்க அந்த எண்ணை விட்டால் வேறு வழி இல்லையே. பொய் எண் இருந்தால் அந்தக் கேள்வி யாரிடமும் போய்ச் சேராது. அதனால்தான் அதைச் சின்னத் தவறு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

காகிதம் மட்டும் பார்க்கும் கண்காணிப்புக்கு ஒரு எல்லை உண்டு. 2024 நவம்பரில் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டம் போரிசணா கிராமத்தில் இலவச முகாம் நடத்தி, 19 பேரை அகமதாபாத்துக்கு அழைத்துப் போனார்கள். ஏழு பேருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி, அதாவது இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை. இருவர் இறந்துபோனார்கள். ஆயுஷ்மான் பாரத் பணத்துக்காகச் செய்தார்கள் என்ற புகார் அந்த இரண்டு உயிர் போன பிறகுதான் வெளியே வந்தது. இதய சிகிச்சைக்கான விதிகளை அந்த மாநில அரசு இறுக்கியதும் அதற்குப் பிறகுதான். பண மோசடி என்று நாம் பேசுவது கடைசியில் ஒரு உடம்பில்தான் போய் முடிகிறது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கெடுபிடி செய்யவும் கூடாது. நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன். மலையடிவாரத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. தையல் போட்ட இடத்தின் போட்டோ மங்கலாக இருந்ததென்று அவர்கள் கோப்புகளைத் தொடர்ந்து திருப்பி அனுப்பினேன். சிகிச்சை உண்மையாகவே நடந்திருந்தது. அவர்களிடம் நல்ல கேமரா இல்லை, அவ்வளவுதான். மூன்று மாதம் பணம் வராமல், அட்டை நோயாளிகளைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கத்து ஜனங்கள் அப்புறம் அறுபது கிலோமீட்டர் பஸ்ஸில் போனார்கள். அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொருவர் கையிலும் தமிழில் ஒரு தாள் கொடுக்கட்டும். என்ன சிகிச்சை செய்தார்கள், அட்டையிலிருந்து எவ்வளவு எடுத்தார்கள், மீதி எவ்வளவு என்று அதில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளை படித்துச் சொல்லும். தனக்கு நடந்ததா இல்லையா என்று நோயாளியைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்?

கேள்வி: நான் அரசு ஓய்வூதியர். பழைய ரேஷன் கார்டை வைத்து என் மனைவி பெயரில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் வாங்கியிருக்கிறோம். இதுவரை பயன்படுத்தியதில்லை. வைத்திருப்பது தவறா?
- வாசகர், தென்காசி

பதில்: தவறுதான் ஐயா. கேட்கத் தோன்றியதே நல்ல விஷயம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான அட்டை அது. ஓய்வூதியர்களுக்குத் தனிக் காப்பீடு இருக்கிறது, உங்கள் மனைவியும் அதில் வருவார். நீங்கள் அட்டையைப் பயன்படுத்தாவிட்டாலும், உங்கள் குடும்பத்தைக் கணக்கில் வைத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அரசு பிரீமியம் கட்டுகிறது. கலெக்டர் அலுவலகத்தில் இந்தத் திட்டத்துக்கென்று ஒரு மையம் இருக்கும். அட்டையையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு போய், பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு அத்தாட்சியாக நகலில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.