அம்மாவின் மறதிக்கு ஜின்கோ மாத்திரையோ வல்லாரை மாத்திரையோ கொடுக்கலாமா?

72 வயதான உங்கள் அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டே வருவதால், ஜின்கோ மரத்தின் இலைச் சாற்று மாத்திரை, வல்லாரை மாத்திரை இவற்றில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் வேறு என்ன மருந்துகள் சாப்பிடுகிறார் என்பதை நீங்கள் எழுதவில்லை. இந்த வயதில் நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ ஏதேனும் சாப்பிடுவார் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டிலும் இதே கேள்வி எழுந்தது. அம்மா ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டார். கோயிலுக்குப் போய்வந்த ஒரு மணி நேரத்தில் மறுபடியும் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நேரடி விற்பனை செய்யும் உறவினர் ஒருவர் ஜின்கோ புட்டியைக் கொண்டுவந்து, அதிலிருந்த எம்.ஏ.எல். எண்ணை, அதாவது மலேசிய மருந்துப் பதிவு எண்ணைக் காட்டி, அரசாங்கமே அங்கீகரித்தது என்றார். அந்த எண் 'டி' (T) என்று முடிந்தால் பாரம்பரிய மருந்தாகப் பதிவானது என்று பொருள். அப்பதிவு தரத்தையும் பாதுகாப்பையும் பார்க்குமே தவிர, மறதி குறைகிறது என்று நோயாளிகளிடம் சோதித்து நிரூபிக்கச் சொல்வதில்லை. விற்றவர் இதைச் சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அம்மா இதயத் துடிப்புக் கோளாறுக்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர். ஐந்தாவது வாரம் பல் துலக்கும்போது ஈறில் கசிந்த இரத்தம் நிற்கவில்லை. காலையில் தலையணை உறையிலும் கறை இருந்தது. மருத்துவர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, இந்த மருந்தோடு ஜின்கோ சேர்ந்தால் கசிவு கூடக்கூடும், உடனே நிறுத்துங்கள் என்றார். அது மட்டுமே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பதையும் அவரே சொன்னார்.

அம்மா 12 ஆண்டுகளாக நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் சாப்பிடுவதைக் கவனித்து, வைட்டமின் பி12 பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். அம்மருந்தை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம்; அந்தக் குறைவே மறதியாகவும் வெளிப்படலாம். அம்மாவுக்கு அது மிகக் குறைந்திருந்தது. ஊசி போடத் தொடங்கிய நான்காவது மாதம், மூத்த பேத்தியின் பிறந்தநாளை அவரே எனக்கு நினைவூட்டினார்.

நான் மூலிகைகளுக்கு எதிரியல்ல. அல்சைமர் நோய்க்கு மருத்துவர்கள் எழுதித் தரும் கேலண்டமின், பனித்துளிப்பூ வகைச் செடிகளில் கண்டறியப்பட்ட பொருள்தான். அமெரிக்காவில் 2001இல் அனுமதி பெற்றது. ஆனால் ஜின்கோவை, 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் நாளுக்கு இரு வேளை 120 மில்லிகிராம் வீதம் ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு, அது முதுமை மறதிநோயைத் தடுக்கவில்லை என்று 2008இல் அறிவித்தது.

வல்லாரையைப் பொறுத்தவரை பெயர்க் குழப்பம் பெரிது. 'பிரமி' என்ற பெயரை நீர்ப்பிரமிக்கும் வைக்கிறார்கள், வல்லாரைக்கும் வைக்கிறார்கள். மலாய்க்காரர்கள் ஊலாமாக, அதாவது பச்சையாகச் சோற்றோடு உண்ணும் பெகாகாதான் நம் வல்லாரை. நீர்ப்பிரமி வேறு செடி. 65 வயதைக் கடந்த, மறதிநோய் இல்லாத 54 பேரைச் சேர்த்து, 12 வாரம் தினமும் 300 மில்லிகிராம் சாறு கொடுத்து, சொற்களை நினைவுகூர்வதில் முன்னேற்றம் கண்ட ஆய்வு நீர்ப்பிரமியைப் பற்றியது. சிறிய ஆய்வு அது. அதைக் காட்டி வல்லாரை மாத்திரை விற்பது முறையல்ல.

எங்கள் வீட்டுத் தொட்டியில் வல்லாரை இன்றும் வளர்கிறது, அம்மா அதைத் துவையல் அரைக்கிறார், நானும் விரும்பிச் சாப்பிடுகிறேன். நீங்கள் புட்டி வாங்குவதற்கு முன், சளி மாத்திரை உட்பட அம்மா விழுங்கும் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்கு எடுத்துச் சென்று, பி12ஐயும் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.