கூட்டுறவுச் சட்ட வழக்கைக் காட்டிப் பணம் கேட்கிறார்கள்: பயிர்க்கடனைக் கட்டாமல் இருக்கலாமா?

கேள்வி: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நெல்லுக்குப் பயிர்க்கடன் வாங்கியிருக்கிறேன். கூட்டுறவுச் சட்டத் திருத்தம் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாகவும், வழக்கில் சேர்ந்தால் கடனைக் கட்ட வேண்டாம் என்றும் கூறி, ஒருவர் ஆளுக்கு 3,000 ரூபாய் வசூலிக்கிறார். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். கடனைக் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள்.

அவர் சொல்லும் தீர்ப்பு உண்மைதான். அதற்கும் உங்கள் கடனுக்கும் தொடர்பில்லை. கூட்டுறவு என்பது மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நிர்வாகக் குழுவின் பதவிக்காலம், தேர்தல், தணிக்கை ஆகியவற்றை நாடு முழுவதும் ஒரே சீராக்க வந்த 97ஆவது அரசமைப்புத் திருத்தத்துக்கு, தேவையான பாதி மாநிலங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை. அதனால் மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அது செல்லாது என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2013இல் கூறியதை, உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில்தான் உறுதி செய்தது. ஒரு கேள்விக்கு விடை சொல்ல எட்டு ஆண்டுகள்; விவசாயியின் கெடு தேதிக்கு மட்டும் எட்டு நாள் தவணை கிடையாது. உங்கள் சங்கத்தை ஆள்வது 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். அந்தத் தீர்ப்பால் இந்தச் சட்டமும் சாகவில்லை, உங்கள் கடன் பத்திரமும் சாகவில்லை.

கெடுவுக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. தவறினால் அந்தச் சலுகை போய்விடும். அடுத்த போகத்துக்குக் கடன் கேட்டுச் செயலாளர் முன் நிற்கவும் முடியாது. அந்த நஷ்டத்தை 3,000 ரூபாய் வாங்கியவர் ஏற்கமாட்டார்.

2020இல் மத்திய அரசு கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்த வழக்கிலும் இதே கதைதான். உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 12 அன்று அவற்றை நிறுத்திவைத்தது. அது அமைத்த குழு மார்ச்சில் கொடுத்த அறிக்கை கிடப்பிலேயே கிடக்க, ஆண்டு இறுதியில் நாடாளுமன்றமே சட்டங்களைத் திரும்பப் பெற்றது. சட்டத்தை எதிர்க்கும் வழக்கு வேறு, விற்ற நெல்லுக்கு வியாபாரியிடம் பாக்கி வாங்கும் வழக்கு வேறு. முன்னது நடக்கிறது என்பதற்காகப் பின்னதைத் தள்ளிப்போட்டால் காலவரம்பு ஓடிவிடும்.

97ஆவது திருத்தம் பற்றிய தீர்ப்புக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும், பல மாநிலக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவான சங்கத்துக்கு அந்தத் திருத்தம் இன்றும் பொருந்தும். அதற்கு 2002ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், 2023இல் அதில் வந்த திருத்தங்களும் உண்டு. அதன் பதிவாளரும் மத்தியப் பதிவாளரே. உரம் விற்கும் இப்கோ அப்படிப்பட்டது. அந்த உரத்தை உங்கள் ஊர்ச் சங்கம் வாங்கி விற்பதால் உங்கள் சங்கம் அந்த வகையாகிவிடாது. பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தில் உள்ள பெயரையும் பதிவு எண்ணையும் பாருங்கள். சந்தேகமிருந்தால் சரகத் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

சங்கம் உண்மையிலேயே கணக்கில் தவறு செய்திருந்தால், 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தின் 90ஆவது பிரிவின்படி பதிவாளரிடம் தாவா மனு கொடுக்கலாம். சங்கத்துக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் நேரடியாக ரிட் மனு போடுவது பொதுவாக நிலைக்காது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2006இலேயே கூறிவிட்டது. வசூலிப்பவர் இதைச் சொல்லியிருக்கமாட்டார்.

உங்கள் சார்பில் வழக்காட வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் வக்காலத்துப் படிவத்தை அவர் நீட்டினால் கவனியுங்கள். வழக்கு எண், வழக்கறிஞரின் பெயர், பதிவு எண் எதுவும் இல்லாமல் அடியில் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தால் கையெழுத்திடாதீர்கள். ஏற்கெனவே இட்டிருந்தால், வழக்கு எண்ணை எழுத்தில் கேளுங்கள். எண் கிடைத்தால் நீதிமன்ற இணையதளத்தில் உங்கள் பெயர் மனுதாரராக இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணே இல்லையென்றால் பணம் கொடுத்த ரசீதுடன் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.